வெள்ளிக்கிழமை பாவம் சாப்பிட்டவன்: குவாத்தமாலாவில் ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரில் படிப்பு தொடங்கிய இரண்டாம் வாரம். தங்கியிருந்த வீட்டில் இரவு உணவின்போது, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நான் மீன்தான் சாப்பிடுவேன் என்று ஸ்பானிஷில் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீன் என்றால் ‘பெஸ்காதோ’. என் வாயில் வந்ததோ ‘பெகாதோ’, அதாவது பாவம். இந்த மாதிரித் தவறுகளுக்குப் பயப்பட வேண்டாம். அன்றைக்குப் பிறகுதான் அந்த வீட்டில் என்னிடம் கூச்சமின்றிப் பேசினார்கள். பயப்பட வேண்டியவை வேறு.

முதலாவது, குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. நமக்கு ப ஒன்றுதான். ஸ்பானிஷில் அது இரண்டு ஒலி. ‘பெசோ’ என்று எழுதி வைத்தால் அது முத்தமா, எடையா? மறுநாள் உங்களுக்கே தெரியாது. அதே நேரம் தமிழ்க் காதுக்கு ஒரு சலுகையும் உண்டு. ‘ஆனால்’ என்பதற்கும் ‘நாய்’ என்பதற்கும் அங்கே ரகரம்தான் வேறுபாடு. ர, ற இரண்டையும் பிரித்துப் பழகிய நாக்குக்கு அது பெரிய வித்தை இல்லை.

மரியாதை விஷயமும் அப்படியே. பாடநூல் ‘தூ’ என்பதை முதலில் கற்றுக்கொடுக்கும். அது நம் ‘நீ’. பெரியவர்களிடமும் அருட்தந்தையிடமும் ‘உஸ்தெத்’ என்றே தொடங்குங்கள். சாப்பிட்டு எழும்போது ‘கிராசியாஸ்’ சொல்லாமல் போகாதீர்கள். மேசையில் இருப்பவர்கள் ‘புவென் ப்ரோவெச்சோ’ என்பார்கள். அங்கே அது பாதி ஜெபம் மாதிரி. நாளைய திட்டத்தைச் சொல்லும்போது ‘ப்ரிமேரோ தியோஸ்’, முதலில் கடவுள், என்று சேர்த்துக்கொள்கிறார்களே, அதையும் கவனியுங்கள். என் விசுவாசம் வளர்ந்தது தேவாலயத்தைவிட அந்தச் சமையலறையில்தான் என்பேன்.

‘நீங்கள் கிறிஸ்தவரா?’ என்று கேட்பது அடுத்த பிழை. கேள்வி சரியானதாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே பேச்சுவழக்கில் ‘கிறிஸ்தியானோ’ என்றால் பல நேரம் கத்தோலிக்கர் அல்லாத, பெந்தெகொஸ்தே போன்ற சபையைச் சேர்ந்தவர் என்று பொருள். ஜெபமாலையோடு இருக்கும் பாட்டியிடம் அப்படிக் கேட்டால், “இல்லை, நான் கத்தோலிக்” என்று பதில் வரும். எந்த ஆலயத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் போதும்.

புனித வாரத்தில் படிக்கப் போகாதீர்கள். ஆன்டிகுவாவின் ஊர்வலங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஊர் நிரம்பி வழியும், பெரிய வியாழனும் வெள்ளியும் விடுமுறை. தவக்கால ஞாயிறுகளிலேயே ஊர்வலங்கள் உண்டு என்பதால் சில வாரங்கள் முன்னதாகப் போவது நல்லது. வீதியில் சாயமேற்றிய மரத்தூளும் பூவும் பைன் இலையும் கொண்டு கம்பளம் போடும் குடும்பத்திடம், உதவலாமா என்று கேளுங்கள், சேர்த்துக்கொள்வார்கள். பல மணி நேரம் குனிந்து செய்த கம்பளத்தின்மேல் சுரூபத்தைச் சுமப்பவர்கள் நடந்துபோனதும் சில நிமிடங்களில் எல்லாம் கலைந்துவிடும். அங்கே யாரும் அதற்காக வருந்தி நான் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் ஸ்பானிஷ்தான் தாய்மொழி என்று எண்ணுவது இன்னொன்று. நாட்டில் 22 மாயா மொழிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. அத்தித்லான் ஏரிக்கரையில் உள்ள சந்தியாகோ அத்தித்லானில் பேசுவது சூத்துஹில். ஓக்லஹோமாவிலிருந்து 1968-இல் அங்கே பணிக்கு வந்த அருட்தந்தை ஸ்டான்லி ராதர், லத்தீன் வராமல் ஒரு குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். அவரே பின்னாளில் சூத்துஹிலில் மறையுரை ஆற்றினார். உள்நாட்டுப் போரின்போது, 1981 ஜூலை 28 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 2017-இல் அருளாளர் ஆனார். அவருடைய இதயம் அந்த ஊர்க் கோவிலிலேயே இருக்கிறது. இலக்கணம் கசக்கும் நாளில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

அவரைப் போலப் பலர் பலியானதால், அந்தப் போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். எதிரே இருப்பவர் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. அவராகச் சொன்னால் கேளுங்கள். வினைச்சொல் புரியாவிட்டாலும் இடைமறிக்காதீர்கள்.

சிச்சிகாஸ்தெனாங்கோ என்ற ஊரின் சாந்தோ தோமாஸ் கோவில் படிகளில் கீசே எனும் மாயா இன மக்கள் தூபமிட்டு வழிபடுவார்கள். கோவிலுக்குள் படமெடுக்கத் தடை. படியில் நிற்பவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பயணிகளுக்குத் தரும் 90 நாள் அனுமதி குவாத்தமாலா, எல் சல்வதோர், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்குக்கும் சேர்த்தே. கொல்லப்பட்ட பேராயர் புனித ரோமெரோவின் கல்லறையைப் பார்க்க எல் சல்வதோரின் தலைநகர் சான் சல்வதோர் போய்வந்தால், அந்த நாள்களும் அதிலேயே கழியும்.