கோஹாவை நம் நூலகத்துக்கேற்ப மாற்றிய பிறகு புதுப்பிப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்தும் சிறு நூலகத்தில் தமிழ்ப் புத்தகமும் மலையாளப் புத்தகமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. உறுப்பினர்களின் பெயர்கள்தாம் இரு விதமாக எழுதப்படுகின்றன. தமிழர் "கி. முருகேசன்" என்று தலைப்பெழுத்தை முன்னால் வைப்பார், மலையாளிகளில் பலர் "ரமேசன் கே." என்று பின்னால் வைப்பர். நாங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற நூலக மென்பொருளோ எல்லாரையும் குடும்பப் பெயர், காற்புள்ளி, முதற்பெயர் என்ற வரிசையில் நிறுத்துகிறது. நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக 1999-இல் எழுதத் தொடங்கிய மென்பொருளிடம் நம் தலைப்பெழுத்து வழக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

யாரும் நிரலைப் படித்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால் மாற்றுவதற்குத் தடையில்லை. மாற்றியதைக் காப்பாற்றுவதுதான் பாடு, ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வெளியாகிறது. முதல் முறை நான் சர்வரில் இருந்த கோப்பையே திறந்து திருத்திவிட்டேன். அடுத்த புதுப்பிப்பு அந்தக் கோப்பின் மேல் புதியதை எழுதியது. மறுநாள் காலை பட்டியல் முழுவதும் பழையபடி காற்புள்ளிகள். எந்த வரியை மாற்றினேன் என்றுகூடக் குறித்து வைக்கவில்லை.

ஆகவே முதலில், எவற்றுக்கு நிரலைத் தொட வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். இரவல் சீட்டில் தமிழும் மலையாளமும் வர வேண்டுமானால் "நோட்டீசஸ் அண்ட் ஸ்லிப்ஸ்" என்ற கருவியே போதும். தேடல் பக்கத்தின் நிறத்தை அமைப்புகளில் உள்ள "ஓபாக் யூசர் சிஎஸ்எஸ்" பெட்டியில் மாற்றலாம். இவை தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் புதுப்பிப்பு இவற்றின் மேல் எழுதாது. எங்களுக்கு நிரலில் எஞ்சியது பெயர் வரிசை ஒன்றுதான்.

அடுத்து, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் "கிட் குளோன்" கட்டளை மூலம் மூலநிரலை இறக்கி, நீங்கள் இயக்கும் பதிப்பின் அடையாளத்திலிருந்து (எங்களுக்கு அது 23.11.05) தனிக் கிளை ஒன்றை, அதாவது உங்கள் மாற்றங்கள் மட்டும் தனியே வளரும் வரிசையை, தொடங்குங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன்; கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பின்னால் வரும் ஆன்டூ, கன்டினியூ, அபார்ட், ஸ்கிப் ஆகிய சொற்களுக்கு முன்னால் இரண்டு சிறுகோடுகள் (--) இட வேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட் (கிட்டில் சேமிக்கும் ஒரு பதிவு) என்று வைத்து, ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கமிட் குறிப்பில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப் போகிறவர் நீங்களேதாம்.

புதிய பதிப்பு வந்ததும் தரவுத்தளத்தை நகலெடுங்கள். பிறகு உங்கள் கிளை இருக்கும் நிலைக்கு "கிட் டேக்" கொடுத்து ஓர் அடையாளமிட்டு, "கிட் ஃபெட்ச்" மூலம் புதிய பதிப்பை இறக்குங்கள். இதன்பின் வெறும் "கிட் ரீபேஸ்" (நம் கமிட்களைப் புதிய பதிப்பின் மேல் மறுபடி அடுக்கும் கட்டளை) கொடுப்பதுதான் தொடக்கநிலையாளர் பலர் செய்யும் தவறு. 23.11 என்பது பராமரிப்புக்கென்று தனியே பிரிந்து வளர்ந்த கிளை. ஆதலால் அதிலுள்ள பிறருடைய திருத்தங்களையும் உங்களுடையவை என்று கருதி, கிட் அவற்றையும் புதிய பதிப்பின் மேல் அடுக்க முனையும். நமக்கு வேண்டியது நம் கமிட்டை மட்டும் பெயர்த்து நடுவது. அதற்கு "கிட் ரீபேஸ் ஆன்டூ" என்பதன் பின் புதிய பதிப்பு, பழைய பதிப்பு, நம் கிளை ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தர வேண்டும். நாற்றைப் பிடுங்கும் இடம் நடுவில் வருகிறது, நடும் வயல் முன்னால் வருகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் தொட்ட வரியையே அவர்களும் மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும். கோப்பைத் திறந்தால் ஏழு சமக்குறிகள் கொண்ட கோட்டுக்கு மேலே ஒரு வடிவமும் கீழே ஒரு வடிவமும் இருக்கும். ரீபேஸின்போது மேலே, "ஹெட்" என்ற பெயரில் இருப்பது அவர்களுடையது. கீழே இருப்பதே உங்களுடையது. ஒன்றை அப்படியே நீக்கிவிடாமல், அவர்கள் என்ன நோக்கத்தில் மாற்றினார்கள் என்று படித்து, அந்தப் புதிய வடிவத்தின் மேல் உங்கள் பெயர் வரிசையை மறுபடி எழுதுங்கள். குறிகளை நீக்கிச் சேமித்து, "கிட் ஆட்", "கிட் ரீபேஸ் கன்டினியூ" என்று தொடருங்கள். குழம்பிவிட்டால் "கிட் ரீபேஸ் அபார்ட்" உங்களைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

இதை நேரே நூலகச் சர்வரில் ஏற்ற வேண்டாம். எங்களிடம் இதற்கென்று ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் தரவுத்தள நகலை ஏற்றிப் பணியாளர் பக்கத்தைத் திறந்தால், தரவுத்தளத்தையும் புதுப்பிக்கும்படி கோஹா கேட்கும். ஒருமுறை புதுப்பித்த தரவுத்தளத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வழியில்லை. முதலில் எடுத்த நகல் இங்கேதான் உதவும். பிறகு முன் தலைப்பெழுத்துள்ளவர், பின் தலைப்பெழுத்துள்ளவர், தலைப்பெழுத்தே இல்லாதவர் என மூவரின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். மூன்றாமவரிடம் எனக்கு ஒருமுறை பெயருக்கு முன்னால் வெறும் புள்ளி மட்டும் நின்றது.

மாற்றம் பிற நூலகங்களுக்கும் பயன்படும் என்று தோன்றினால், பிழைகளையும் மாற்றங்களையும் பதியும் கோஹாவின் பக்ஸில்லா என்ற தளத்தில் பதிந்து அனுப்புங்கள். வேறொருவர் சோதித்து ஒப்பமிட்ட பிறகு தரச் சோதனைக்குப் போகும் என்பதால் பொறுமை வேண்டும். ஏற்கப்பட்டுவிட்டால், அடுத்த ரீபேஸில் அந்தக் கமிட்டில் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இராது. கிட் அதைத் தானே கைவிடும். அவர்கள் சற்றுத் திருத்தி ஏற்றிருந்தால் முரண் காட்டும். அப்போது "கிட் ரீபேஸ் ஸ்கிப்" கொடுத்து உங்களுடையதை விட்டுவிடலாம்.