பிரிட்டிஷ் ராம்காம் (காதல் நகைச்சுவைப் படம்) எழுதுவது எப்படி: நாயகிக்குத் துணிச்சல் வரும் வழி

‘தன்னம்பிக்கை இல்லாத பெண்’ என்று கதாபாத்திரக் குறிப்பில் எழுதினால் அதைப் படமாக்க முடியாது. அவள் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள். ரயிலில் யாரோ அவள் காலை மிதிக்கிறார், மன்னிப்புக் கேட்பது அவள். பப்பில் ஆளுக்கொரு சுற்று மாறிமாறி வாங்குவது பிரிட்டனில் எழுதப்படாத சட்டம். அவளுடைய காதலனோ தன் முறை வரும்போதெல்லாம் கழிப்பறைக்குக் கிளம்பிவிடுகிறான், அடுத்த சுற்றையும் அவளே வாங்கி வருகிறாள். இப்படி மூன்று பழக்கங்கள் போதும். அவற்றில் ஒன்றாவது காதலுக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கட்டும். எல்லா இடத்திலும் விட்டுக்கொடுக்கிறவள் என்று தெரிந்தால்தான், கோளாறு காதலனோடு மட்டும் நிற்கவில்லை என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

அடுத்து, அந்தப் பழக்கங்களில் ஒன்றை எடுத்து, ஒரே சூழ்நிலையை மூன்று முறை எழுதுங்கள். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். 95 முதல் 105 பக்கம் இந்த வகைக்குச் சரியான நீளம். முதல் முறை 8ஆம் பக்கத்தையொட்டி வரட்டும்: உணவகத்தில் அவள் கேட்காத உணவு வருகிறது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள், பணியாளர் கேட்டதும் ‘அருமை’ என்கிறாள். இரண்டாவது முறை 50ஆம் பக்கத்தில்: இப்போது அவளுக்கு வீரம் வந்துவிட்டது, ஆனால் அளவு தெரியவில்லை. பக்கத்து மேசைக்குச் சரியாக வந்த உணவைத் தன்னுடையது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறாள், மேலாளரைக் கூப்பிடுகிறாள், பிறகுதான் அது பக்கத்து மேசைக்காரரின் தட்டு என்று தெரிகிறது. மூன்றாவது முறை 90ஆம் பக்கத்தில்: ‘நான் கேட்டது இது இல்லையே’ என்று ஒரு வரி. சிரித்துக்கொண்டே சொல்கிறாள். தட்டு மாறுகிறது. அவ்வளவுதான்.

படத்தின் சிரிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது. தயக்கத்திலிருந்து நேராகத் தெளிவுக்குத் தாவுகிற கதைகள் நடுவில் காற்றுப் போய்விடுவதற்குக் காரணம், நாயகி தப்பான துணிச்சலில் அடிபடும் அந்த 25 பக்கத்தை எழுதாமல் விடுவதுதான். அங்கே அவள் யாரையாவது உண்மையாகவே காயப்படுத்த வேண்டும், அதுவும் தவறான ஆளை: உதவ வந்த தங்கையை, பாவப்பட்ட சக ஊழியரை. 75ஆம் பக்கத்தையொட்டிக் காதலர்கள் பிரிவது இதிலிருந்து பிறந்தால் வலுவாக இருக்கும். யாரோ எதையோ அரைகுறையாக ஒட்டுக்கேட்டதால் பிரிந்தார்கள் என்பது சோம்பேறித்தனம்.

தமிழ்ப் படம் எழுதிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் திரையரங்கில் இன்று பொதுவாக இடைவேளை கிடையாது. நடுவில் பெரிய ‘இன்டர்வெல் பிளாக்’ வைத்தால், அடுத்த சீன் எடுபடாமல் தொங்கும். நடுப்பகுதியில் திருப்பம் வேண்டும், வெடி வேண்டாம்.

அலங்காரம் மாறியதும் தன்னம்பிக்கை வந்துவிடும் மேக்கோவர் சீனைத் தவிர்க்கலாம். வைத்தே ஆகவேண்டுமென்றால் 50ஆம் பக்கத்துக்கு முன் வைத்து, தோற்கச் செய்யுங்கள். நாயகனின் பாராட்டும் இப்படித்தான். ‘நீ அழகாக இருக்கிறாய்’ என்று அவன் சொன்ன பிறகு அவள் நிமிர்ந்து நடந்தால், நிமிர்ந்தது அவன் தயவில். தோழி, அறிவுரை சொல்ல மட்டும் வருகிறவளாக இருந்தால் நான்கு சீனில் சலித்துவிடும். அவளுக்கும் ஒரு சிக்கல் கொடுங்கள், நாயகியின் புதிய வீரத்தால் அது மோசமாகட்டும்.

க்ளைமாக்ஸில் நடைமுறைத் தவறுகள்தான் அதிகம். திருமணத்தில் எழுந்து நின்று ‘நிறுத்துங்கள்’ என்று கத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான தடை இருந்தால் சொல்லும்படி அங்கே கேட்பார்கள், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே மணமானவர், நெருங்கிய இரத்த உறவு, வயது குறைவு போன்றவைதான் தடைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச வயது 18. ‘நான் அவளைக் காதலிக்கிறேன்’ என்பது சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லை. பதிவாளர் மரியாதையாகக் கேட்டுவிட்டு மேலே நடத்தலாம், அந்த மரியாதையே நல்ல நகைச்சுவை. அதே மேடையில் வேறு ஜோடியை நிறுத்தி உடனே கல்யாணம் செய்துவைக்கவும் முடியாது: பதிவுத் திருமணத்துக்கு இருவரும் குறைந்தது 28 முழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். விமான நிலைய ஓட்டமென்றால் போர்டிங் பாஸ் இல்லாமல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாது. லண்டன் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்தில், ஐரோப்பாவுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலைப் பிடிக்க ஓடினாலும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும்.

இந்தத் தடைகள் கதைக்கு நல்லது. ஓடுவது யார், எதற்காக என்று யோசிக்க வைக்கின்றன. நாயகன் ஓடி வருவதற்கு முன்பே அவள் தன் முடிவை எடுத்திருக்க வேண்டும். சோதிக்க ஒரு வழி: கடைசி 10 பக்கத்தில் நாயகனின் வசனம் முழுவதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். அவளுடைய முடிவு அப்படியே நின்றால் சரி. ஆட்டம் கண்டால் 75ஆம் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

வசனத்தில் உணர்ச்சியை ஒரு படி கீழே வையுங்கள். நெஞ்சு உடைந்தவள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பதைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசட்டும். நேரடியாகக் கொட்டித் தீர்க்கும் பேச்சு படத்துக்கு ஒன்றே ஒன்று, முக்கால் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கெட்ட வார்த்தைக்கும் கணக்கு உண்டு: பிரிட்டனின் திரைப்படச் சான்றிதழ் அமைப்பான பிபிஎஃப்சியின் 12ஏ சான்றிதழில் (12 வயதுக்குக் கீழானவர் பெரியவருடன் மட்டும்) கடுமையான சொல்லுக்கு எப்போதாவதுதான் இடம், 15 சான்றிதழில் (15 வயதானவர்களுக்கு மேல் மட்டும்) தாராளம். எது வேண்டும் என்பதை முதல் வரைவிலேயே தீர்மானியுங்கள், பிறகு கத்தரித்தால் சிரிப்பின் தாளம் கெடும்.

கதை நடக்கும் மாதத்தையும் யோசித்து எழுதுங்கள். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் விட்டு வருகிற சீனே இருட்டில்தான். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஜூன் மாதக் கதையில் ‘இரவு, வெளிப்புறம்’ என்று எட்டு சீன் எழுதினால் படக்குழு விடியவிடிய விழித்திருக்க வேண்டும், தயாரிப்பாளர் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான்.