பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்கத்தில் யூஎஸ்பி 3.0 போர்ட் வைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் பழசானாலும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் முன்பக்க போர்ட்டில் பென்டிரைவைச் செருகிப் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றினால் பொறுமை போய்விடுகிறது. அது யூஎஸ்பி 2.0. கணக்குப்படி நொடிக்கு 480 மெகாபிட் என்றாலும் கைக்குக் கிடைப்பது 30, 35 மெகாபைட்தான். 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0-வின் கணக்கு 5 ஜிகாபிட்.

முதலில் பெட்டியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். பத்துப் பத்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு ஊசி மட்டும் இல்லாத 19 பின் ஹெட்டர் (கேபிளைச் செருகும் ஊசித் தொகுதி) இருந்தால் முன்பக்க பேனல் (போர்ட்டுகள் உள்ள சட்டம்) மட்டும் போதும். இல்லையென்றால் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்றும் வாங்க வேண்டும். பல கார்டுகளில் பின்பக்க போர்ட் மட்டுமே இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, உள்பக்கம் 19 பின் ஹெட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மதர்போர்டிலுள்ள யூஎஸ்பி 2.0-வின் 9 பின்னை 19 பின்னாக மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். அதில் போர்ட் 3.0 போல நீலமாகும், வேகம் அதே 2.0தான்.

பேனலில் என் ஓட்டு 3.5 அங்குலத்துக்கு. பழைய ஃபிளாப்பி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், டிவிடி டிரைவைக் கழற்ற வேண்டியதில்லை. கார்டும் பேனலும் சேர்ந்த செட்டைவிட தனித்தனியாக வாங்குவதே எனக்குப் பிடிக்கும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

கரண்ட்டை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, கார்டைச் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகித் திருகை முடுக்குங்கள். எக்ஸ்1 காலியில்லையா? நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் போடலாம். ரொம்பப் பழைய போர்டில் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.0 ஆக இருந்தால் 250 மெகாபைட்டோடு நின்றுவிடும். பரவாயில்லை, அதுவும் பழையதைவிடப் பல மடங்கு.

இனிமேல்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். எல்லாம் மாட்டியாயிற்று, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறது, ஆனால் பென்டிரைவைச் செருகினால் சத்தமே இல்லை. டிரைவரை அழித்து அழித்துப் போட்டாலும் பலனில்லை. கார்டின் ஓரத்தைப் பாருங்கள்: சாட்டா பவர் அல்லது நான்கு கால் மோலெக்ஸ் சாக்கெட் ஒன்று காலியாக இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான் தரும். யூஎஸ்பி கேட்பதோ 5 வோல்ட். அந்த 5 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து நேராக வரட்டும் என்றுதான் அந்த சாக்கெட்டை வைத்திருக்கிறார்கள். அதைக் காலியாக விட்டால் கார்டின் மூளை விழித்திருக்கும், போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும். பவர் சப்ளையின் வயரை அதில் செருகுங்கள். சாட்டா சாக்கெட் உள்ள கார்டையே தேர்ந்தெடுங்கள், மோலெக்ஸ் ஊசிகள் அடிக்கடி பின்னால் நழுவும்.

அடுத்து பேனலிலிருந்து வரும் 19 பின் கேபிள். தடிமனாக, வளையாமல் விறைத்து நிற்கும். கனெக்டரின் பக்கவாட்டில் உள்ள புடைப்பு ஹெட்டரின் வெட்டுக்கு நேராக வரவேண்டும். வராவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். ஊசி வளைந்துவிட்டால் உள்ளே குச்சி இல்லாத மெகானிக்கல் பென்சிலின் முனையை அதன்மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுத்தால் ஹெட்டரின் பிளாஸ்டிக் உறையும் கூடவே வந்துவிடும். கனெக்டரையே பிடித்து நேராக மேலே தூக்குங்கள்.

டிரைவர் விஷயம் சுருக்கம்: விண்டோஸ் 8 முதல் தானாகவே எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் 7-க்குக் கார்டின் சிப்புக்கு ஏற்ற டிரைவர் தேவை. லினக்ஸில் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: இந்த போர்ட்டில் பென்டிரைவை வைத்து விண்டோஸ் போட முடியவில்லை என்று சிலர் கேட்டார்கள். பழைய பயாஸுக்கு (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) இந்தக் கார்டைத் தெரியாது. பூட் செய்ய மதர்போர்டின் சொந்த போர்ட்டையே பயன்படுத்துங்கள், கீபோர்டும் அங்கேயே இருக்கட்டும். இன்னொன்று, முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புகுந்துவிடும். மவுஸின் டாங்கிளை (சிறு ரிசீவர்) பின்பக்க 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.