மோட்டாருக்கு கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது

போர்வெல் மோட்டார் எடுக்கும் கரண்டைப் பார்க்க கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல், சுற்றிப் பிடித்தே கரண்ட் அளக்கும் கருவி) வாங்குகிறீர்களா? இன்ரஷ் வசதி, அதாவது மோட்டார் கிளம்பும் நொடியில் ஏறும் கரண்டைப் பிடித்துக் காட்டும் வசதி, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 5 எச்பி த்ரீ பேஸ் மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்ப்ஸ்தான் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் அது சுமார் 6 மடங்கு ஏறும். சாதாரண மீட்டர் அதைப் பிடிப்பதற்குள் கரண்ட் இறங்கிவிடும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால், அதன் சீரற்ற கரண்டையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் கட்டாயம். சோலார் பேனலும் அளக்க வேண்டுமென்றால் டிசி ஆம்ப்ஸ் காட்டுகிற மாடல்தான் சரி. மலிவான பல மாடல்களில் ஏசி மட்டும்தான்.

மீட்டர் மேல் கேட் 3, 600 வோல்ட் (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரம் அச்சிட்டிருக்க வேண்டும். உயிர் விஷயம், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், கிளாம்ப் வாய்க்குள் ஒரே ஒரு வயரை மட்டும் விடுங்கள். மூன்று பேஸையும் சேர்த்துப் பிடித்தால், மோட்டார் நன்றாக ஓடினாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும்.