மரத்தில் பொருத்துப் புதிர் அறுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மின்வாளான ஸ்குரோல் வாளில் பொருத்துப் புதிர் (ஜிக்சோ) அறுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கை கோட்டிலிருந்து விலகிவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது; ஒரே வெட்டே இரு பக்கத்துத் துண்டுகளுக்கும் விளிம்பாக அமைவதால், கோடு சற்று விலகினாலும் துண்டுகள் பொருந்தும். புதிரைக் கெடுப்பவை, வாளை இயக்குவதற்கு முன்னர் கவனிக்காமல் விடும் விடயங்களே.

அவற்றுள் முதன்மையானது மேசையின் சாய்வு. பிளேட்டுக்கும் மேசைக்கும் இடையே 90 பாகை இல்லாவிட்டால், துண்டு ஒரு பக்கத்தால் மட்டுமே கழன்று வரும். மறுபக்கமாகத் தள்ளினால் இறுகிக்கொள்ளும். மேசையில் பொறித்திருக்கும் அளவுகோலை நம்பக் கூடாது. தடித்த கட்டை ஒன்றின் விளிம்பில் ஆழமில்லாத வெட்டொன்றை இட்டு, வாளை நிறுத்தி, கட்டையைப் புரட்டாமல் பிளேட்டின் பின்புறத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், அதே வெட்டுக்குள் பிளேட்டின் முதுகு தடையின்றி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் மேசையைத் திருத்திவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

அடுத்தது பிளேட்டின் இழுவிசை. தளர்ந்த பிளேட் மரத்துக்குள் வளைந்து, விளிம்பைப் பீப்பாய் வயிறு போல் ஆக்கிவிடும். விரலால் பக்கவாட்டில் அழுத்தும்போது ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும்; தலைகீழாக மாட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் பலகை மேசையை விட்டு எழும்பும். 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக்கு 2/0 அல்லது 1ஆம் இலக்க மெல்லிய பிளேட் போதும். அவசரத்தில் 7, 9 போன்ற தடித்த பிளேட்டுகளை மாட்டினால் வெட்டு அகன்று துண்டுகள் கலகலக்கும்.

மரத் தெரிவில்தான் நமது ஊரில் அதிகம் ஏமாறுகிறோம். பனை நம் மண்ணுக்குரிய மரமாயினும் இந்த வேலைக்கு ஏற்றதன்று. கடினமான கரிய நார்களுக்கு இடையே மென்மையான பகுதி கிடப்பதால், மெல்லிய பிளேட் நாரில் தட்டி விலகும், விளிம்பும் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பும். வேப்பம் பலகை அழகாக அறுபடும் என்றாலும், சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் இறுக்கமாக அறுத்த புதிர், கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சி நாருக்குக் குறுக்காகப் பருத்துப் பிரிக்க முடியாமல் போகலாம். ஒட்டுப்பலகையில் மெல்லிய மர அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இப்படிப் பருப்பது மிகக் குறைவு. தனிப் பலகையில்தான் அறுப்பேன் என்பவர்கள், துண்டிலிருந்து துருத்தி நிற்கும் குமிழைத் தாங்கும் கழுத்து நாரின் திசையிலேயே நீண்டிருக்கும்படி வடிவத்தை வரைய வேண்டும். நார் கழுத்தைக் குறுக்கே கடந்தால், குழந்தை முதல்முறை பிடித்து இழுக்கும்போதே அது முறிந்துவிடும்.

கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பிய வாளை அப்படியே சுவரில் செருகுவதும் நடக்கிறது. அங்கே 120 வோல்ற்று, இங்கே 230 வோல்ற்று, மோட்டர் எரிந்துவிடும். மின்மாற்றி வோல்ற்றளவைக் குறைக்குமேயன்றி, இங்குள்ள மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை அங்குள்ள 60 ஆக்காது. ஆகவே சாதாரணத் தூண்டல் மோட்டர் சுமார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், கூடுதலாகச் சூடும் ஆகும்.

வார்னிஷைத் தடிப்பாகப் பூசினால், கவனமாகப் பெற்ற இடைவெளி அடைபட்டுவிடும். மெல்லிய பூச்சே போதும். தூசுக்கு முகக்கவசம் கட்டாயம்.

குழந்தைகளுக்கு எழுத்துப் புதிர் அறுப்போரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 3 வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களில், 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அது தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. ‘ஃ’ எழுத்தின் மூன்று புள்ளிகளையும் தனித்தனியாக அறுத்துக் கொடுப்பது இந்த ஆபத்தையே உண்டாக்கும். அந்த எழுத்துக்கு மட்டும் ஒரே அகன்ற துண்டை அறுத்து, புள்ளிகளை அதன்மேல் வண்ணத்தால் இடுங்கள்.