பக்கத்து வீட்டு ஆழம் உங்கள் மனைக்குப் பொருந்தாது: சேலத்தில் மண் பார்க்காமல் செய்யும் தவறுகள்

சேலத்தில் வீடு கட்டப்போகிறவரிடம் அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்டால், “பக்கத்து வீட்டுக்கு அஞ்சடி, நமக்கும் அதேதான்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலை சூழ்ந்த ஊர் இது. அடிவாரத்தில் ஓரடி செம்மண்ணுக்குக் கீழே சரளையும் பாறையும் வந்துவிடும். திருமணிமுத்தாற்றையும் பழைய ஏரிகளையும் ஒட்டிய பள்ளத்தில் களிமண் ஆழமாக இறங்கும். வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் கரட்டுப் பக்கம் மண்ணின் குணமே வேறு. ஒரே தெருவில் மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும்கூட ஒத்துப்போகாது.

பிளான் போடும் முன்னாலேயே ஜேசிபி வரவழைத்து, மனையின் எதிரெதிர் மூலைகளில் ஆறேழு அடிக்குக் குழி எடுத்துப் பாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம், கரை சரியலாம். மேலிருந்து பார்த்தாலே நிறம் எங்கே மாறுகிறது, ஈரம் எந்த ஆழத்தில் கசிகிறது என்று தெரியும். மேலே அழகான செங்கிராவல், அடியில் கறுத்த சேறு, நடுவில் உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக் கவரும் என்று இருந்தால் அது கொட்டி நிரப்பிய மனை. அந்த நிரப்பு மண்ணைத் தாண்டி அசல் மண்ணைத் தொட்ட பிறகுதான் அஸ்திவாரம்.

கரிசலோ களியோ வந்தால் இன்னும் கவனம் தேவை. மழையில் உப்பி, பங்குனி சித்திரையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், பருவத்துக்குப் பருவம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தால் காரணம் பூச்சில் இல்லை, கீழே இருக்கிறது. ‘கம்பியைக் கூட்டிப் போட்டால் போதும்’ என்பதை நம்ப வேண்டாம். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் ‘அண்டர் ரீம்டு பைல்’ முறையை உருவாக்கியது. ஈரமும் காய்ச்சலும் எட்டாத ஆழத்துக்கு, ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டருக்கு, அதை இறக்குவார்கள். மண் உப்புமா என்று அறியும் சோதனையும் எளிது. லேபில் 10 கிராம் சலித்த மண்ணை ஒரு குடுவையில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் இருப்பது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் பெருத்திருந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது செப்டிக் டேங்க்தான். கசடை அடியில் தங்க வைப்பதோடு டேங்கின் வேலை பெரும்பாலும் முடிகிறது. வெளியேறும் தண்ணீரைச் சுத்தப்படுத்த வேண்டியது மண். அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிதான் சோக்பிட். களியில் அது நிரம்பி வழியும், அதனால் உடனே தெரிந்துவிடும். வெடிப்புப் பாறையில் நடப்பதுதான் ஆபத்து. “தண்ணி சும்மா இழுக்குது” என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அந்தத் தண்ணீர் வடிகட்டப்படாமல், போர்வெல்லுக்கு ஊறும் அதே பாறை வெடிப்புகளில் போய்ச் சேரலாம்.

குடிநீர்க் கிணற்றுக்கும் சோக்பிட்டுக்கும் 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி, இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. பாறை வெடிப்பில் அதுகூடப் போதாமல் போகலாம். இப்போது 30-க்கு 40 மனையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! உங்கள் போரை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டு போர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணைப்பதே நல்லது. இல்லாத இடத்தில், கசியாத தொட்டி கட்டி லாரி வைத்து எடுக்கும் செலவு, குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்கு அலைவதைவிடக் குறைவு.

சோக்பிட் போட இடம் இருந்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சோக்பிட் வரப்போகும் ஆழத்தில் ஒரு சாண் அகலக் குழி எடுத்து, பக்கங்களைக் கீறிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் அரை அடி தண்ணீர் விட்டு, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அங்கே சோக்பிட் வேண்டாம். இதை ஐப்பசி மழைக்குப் பிறகு செய்வது உத்தமம். சித்திரையில் ஊற்றினால் எந்த மண்ணும் குடிக்கும்.

ஏற்காட்டில் வேறு பிரச்சினை. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் தள்ளிச் சமன் செய்துவிட்டுக் கட்டுகிறார்கள். பாதி வீடு உறுதியான மண்ணிலும் பாதி தளர்ந்த மண்ணிலும் நிற்கும். அங்குள்ள சார்னோகைட் பாறை உருண்டை உருண்டையாகச் சிதையும், அதனால் கடப்பாரை தட்டுவது அடிப்பாறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மண்ணுக்குள் புதைந்த தனிக் குண்டாகவும் இருக்கலாம். நாலைந்து இடத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளை வைக்க மறக்காதீர்கள், பழைய ஓடைத் தடத்தை மூடாதீர்கள்.

அப்புறம் தோட்டம். மலை மேல் மண் புளிப்பு, காபிக்கு அது சரி. கீழே சுண்ணாம்பு கலந்த கார மண்ணில் அதே செடியை வைத்தால், நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். பெரும்பாலும் அது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாத கோளாறு. யூரியா போட்டால் தீராது. அதனால் எதையும் வாங்கிக் கொட்டும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள். குப்பைமேடு, வரப்பு, மர நிழலைத் தவிர்த்துப் பல இடங்களில் ‘வி’ வடிவில் அரை அடி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மண்ணோடு என்ன பயிர் வைக்கப்போகிறீர்கள் என்று எழுதிய சீட்டையும் பையில் வையுங்கள், பரிந்துரை அதைப் பொறுத்துத்தான் வரும்.