மாம்பழக் காலமும் வளரும் பிள்ளைகளும்: பழக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாதம் பாதி தாண்டிவிட்டால் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. தோப்பு இல்லாதவர்கள் வீட்டிலும் யாராவது சொந்தக்காரர் ஒரு பை செந்தூராவோ பெங்களூராவோ இறக்கிவிட்டுப் போவார். பள்ளி விடுமுறை வேறு. பதினான்கு வயதுப் பையன் காலையில் இரண்டு, மதியம் இரண்டு, டிவி பார்த்துக்கொண்டே இன்னொன்று என்று உள்ளே தள்ளுவான். "பழம்தானே, தின்னட்டும் விடு" என்பார் பாட்டி. "சூடு பிடிக்கும், போதும்டா" என்பார் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி கொண்ட ஒரு நாள் சாப்பாட்டில் 100 கிராம் பழம், 400 கிராம் காய்கறி என்று பிரிக்கிறது. பத்து வயதைத் தாண்டியவர்கள் காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. ஓடியாடும் வளரும் பிள்ளைக்கு 2000 கலோரி போதாது என்பதால் பழமும் கொஞ்சம் கூடலாம். என்னைக் கேட்டால் 150 முதல் 250 கிராம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். தோலும் கொட்டையும் போக ஒரு நடுத்தர மாம்பழத்தில் ஏறக்குறைய 150 கிராம் சதை இருக்கும். அதோடு சாயங்காலம் ஒரு கொய்யா அல்லது ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான் கணக்கு. சீசனில் ஒருநாள் மூன்று பழம் தின்றுவிட்டால் குடிமுழுகிப் போகாது. தினமும் ஐந்து என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் என்றால், பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. பழம் சாப்பாட்டுக்கு மேல் ஒன்றாக இல்லாமல் சாப்பாடாகவே ஆகிவிடுகிறது. ஐந்து மாம்பழத்தின் சதை 750 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 450 கலோரியும் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் இருக்கும். வயிறு நிறைந்துவிடும், களி வேண்டாம் என்று பையன் எழுந்துவிடுவான். ஆனால் அந்த ஐந்து பழத்திலும் சேர்ந்து புரதம் 6 கிராம்தான், கால்சியம் 80 மில்லிகிராம் அளவில்தான். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளுக்கு 45 கிராம் புரதமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் தேவை. எலும்பு நீள்கிற வயது அது. 100 கிராம் கேழ்வரகு மாவில் மட்டும் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. களியும் கொள்ளுக் குழம்பும் வீட்டிலேயே இருக்க, அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பழத்தால் வயிற்றை நிரப்புவது நஷ்டக் கணக்கு. விடுமுறையில் பள்ளிச் சத்துணவு முட்டையும் கிடையாது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மாம்பழம் கெடுதல் செய்யவில்லை. அது எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. எனவே சாப்பாடு முடிந்த பிறகு பழம் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அளவு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

அடுத்தது ஜூஸ். பழம் சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு அடித்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். மூன்று பழத்தை மென்று தின்ன நேரமாகும். ஒரு டம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிடலாம். வடிகட்டினால் நார்ச்சத்து சல்லடையில் நின்றுவிடுகிறது. போதாததற்கு மேலே இரண்டு கரண்டி சர்க்கரை. 7 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 240 மில்லிக்கு மேல் பழச்சாறு வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் சொன்னது, அதுவும் சர்க்கரை சேர்க்காத சாறுக்கு. பாட்டிலில் வரும் மாம்பழ பானத்தைப் பழக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும் என்பது இந்திய விதி. நம் ஊர்ப் பெங்களூரா இங்கிருக்கும் கூழ் ஆலைகளுக்கு டன் கணக்கில் போகிறது. அதே ஊர்க் கடையில் நம் பிள்ளை முழுப் பழத்தை விட்டுவிட்டு, தண்ணீரும் சர்க்கரையும் கலந்த பாட்டிலை வாங்கிக் குடிக்கிறது. வேடிக்கைதான்.

இன்னொன்று யார் கண்ணிலும் படுவதில்லை. ஜூலையில் மாம்பழம் முடிந்ததும் பல வீடுகளில் பழமே முடிந்துவிடுகிறது. இரண்டு மாதம் வெள்ளம், பத்து மாதம் வறட்சி. ஆப்பிளும் மாதுளையும் விலை அதிகம் என்று ஒதுக்குகிறோம், சரி. ஆனால் மழைக்காலத்தில் மலையடிவாரங்களிலிருந்து கூடை கூடையாக வரும் சீத்தாப்பழம், கொய்யா, சப்போட்டா, பப்பாளி, நெல்லிக்காய் எல்லாம் எதற்கு இருக்கின்றன? குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொய்யாவை விடாதீர்கள். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை, பையனுக்கு 22. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பை உடம்பு அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ளாது, கூட வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, மாம்பழத்தில் 36 தான். கீரைக் கடைசலும் களியும் சாப்பிட்டதும் ஒரு கொய்யா. அப்புறம் உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீ இரும்பைத் தடுக்கும்.

சூடு விஷயத்துக்கு வருவோம். மாங்காய்க் காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும், அது உண்மை. பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் பதினைந்து வயதில் வரும் முகப்பருவுக்கு முக்கியக் காரணம் ஹார்மோன்கள். பழி மட்டும் மாம்பழத்துக்கு. வயதுக்கு வந்த பெண் பப்பாளிப் பழம் தொடக்கூடாது என்பதும் அப்படித்தான். பழுத்த பப்பாளியால் அந்த வயதுப் பெண்ணுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தில் மட்டும் கவனம் வேண்டும். கால்சியம் கார்பைடு என்கிற அந்தக் கல்லை வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, உள்ளே சதை வெளுத்தும் புளித்தும் இருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். முடிந்தால் தோப்பில் முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் போட்டுவிடுங்கள், நான்கைந்து நாளில் பழுக்கும்.

சர்க்கரை நோய் இருக்கும் பிள்ளைக்கு இந்த அளவுகள் பொருந்தாது. எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.